தலையைக் காட்டிய பதில்கள்

முப்பது வருடம் பிளஸ் டூ வேதியியல் விடைத்தாள் திருத்தியவள் நான். கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று என்று இருந்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். "பென்சீனின் பண்புகளை எழுதுக" என்ற கேள்விக்கு ஒரு பையன், "பென்சீன் ரொம்ப நல்ல பொருள்" என்று எழுதி வைத்திருந்தான். அரை மார்க்கூடப் போடவில்லை. மறுமதிப்பீட்டுக்குப் போனான். அங்கேயும் போடவில்லை என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன்.

அதனால்தான் நான் ரிட்டயர் ஆனதும் ஹரிபிரசாத் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். ஸ்ரீரங்கத்துப் பையன், என்னிடம் படித்தவன். 'கேளு திருச்சி' என்று ஒரு இணையதளம் ஆரம்பித்திருந்தான். ஊர்க்காரர்கள் அதில் கேள்வி கேட்கலாம், தெரிந்த ஊர்க்காரர்கள் பதில் சொல்லலாம். "பதில்ல குப்பை சேருது டீச்சர். தரமில்லாததைத் தூக்க ஒரு ஆள் வேணும். உங்க ஞாபகம்தான் வந்துச்சு," என்றான். சம்பளம் கிடையாது, அதிகாரம் உண்டு. எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் நாள் காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து திறந்தேன். ஒரு பெண்மணி, தென்னூரில் மிக்சி பிளேடு மாற்றித் தருகிற கடை எங்கே என்று கேட்டிருந்தார். பதில்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. பரவாயில்லையே, ஊர் இவ்வளவு விவரமாக இருக்கிறதே என்று படிக்க ஆரம்பித்தேன்.

"பார்த்தேன்."

"நானும் பார்த்தேன். தெரியலைங்க."

"குடும்பத்தோட பார்த்தோம்."

"அடியேன் பார்த்தேன். விடை தெரியாது. க்ஷமிக்கணும். ஸ்ரீரங்கராஜன், கீழச் சித்திரை வீதி."

"ஊர்ல இல்லை, நேத்துதான் வந்தேன். அதான் லேட். தப்பா நினைக்காதீங்க."

"அப்பாவால வர முடியலை. அவர் சார்பா நான்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. நடுவில் எங்கோ ஒருவர், சிங்காரத்தோப்பில் இன்ன சந்தில் இன்ன கடை என்று ஒழுங்காக எழுதியிருந்தார். அவருக்குக் கீழே நாலு பேர் வருத்தப்பட்டிருந்தார்கள். வந்ததும் வராததுமாக ஒரு வார்த்தை விசாரிக்காமல் நேரே விஷயத்துக்குப் போய்விட்டாராம். அந்த மனுஷர் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் காத்தமுத்து பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார், இன்னும் இரண்டு வருட சர்வீஸ் பாக்கி. சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவரிடம் போனைக் காட்டி, "என்னங்க இது, பைத்தியக்காரக் கூட்டமா இருக்கு?" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "இதுல என்ன தப்பு? ஒருத்தங்க கேட்டிருக்காங்க. நம்ம கண்ணுல பட்டிருச்சு. ஒரு வார்த்தை சொல்லாம அப்படியே போனா நல்லாவா இருக்கும்?"

"தெரியலைன்னா போக வேண்டியதுதானே."

"தெரியாதவங்க வீட்டு விசேஷம்னாலும் பத்திரிகை வெச்சா தலையைக் காட்டிட்டு வரோமா இல்லையா? அது மாதிரிதான். அவங்க நம்ம கேள்விக்கு வந்தா நாம அவங்க கேள்விக்குப் போகணும். ஸ்ரீரங்கராஜன் சார்தான் முதல்ல ஆரம்பிச்சார். ஒரு கேள்வி விடமாட்டார். தங்கமான மனுஷன்."

எனக்கு விஷயம் புரிந்தது, கோபமும் வந்தது. பதில் எழுதக் கொடுத்த இடத்தை இவர்கள் கல்யாண மண்டப வாசலாக்கிச் சந்தனம் தொட்டுக்கொண்டு போகிறார்கள். மேலே தள்ளிக்கொண்டே போனேன். "குடும்பத்தோட பார்த்தோம். காத்தமுத்து, அனுசுயா, மகா" என்று ஒன்று இருந்தது. அனுசுயா நான்தான். மகா என்பது மகாலட்சுமி, எங்கள் ஒரே பெண். நான் பார்க்காத கேள்வியை நான் பார்த்துவிட்டதாக என் புருஷனே எழுதியிருக்கிறார். முதலில் அதைத்தான் நீக்கினேன்.

பிறகு எல்லாவற்றையும் நீக்கினேன். வேலையில் இறங்கிவிட்டால் நான் சுணங்குகிறவள் இல்லை. நீக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு அறிவிப்புப் போகும். ஹரிபிரசாத் வழவழவென்று எழுதியிருந்ததை நானே திருத்தி அமைத்தேன்: "உங்கள் பதில் தரம் குறைவாக இருந்ததால் நீக்கப்பட்டது. நீக்கியவர்: அனுசுயா டீச்சர்." பெயரைப் போட்டால்தானே பயம் இருக்கும். மாதக் கடைசியில் தளம் துடைத்துவிட்ட கரும்பலகையாக இருந்தது. ஒரு கேள்விக்கு ஒரு பதில் அல்லது இரண்டு. பல கேள்விகளுக்குப் பதிலே இல்லை, ஆனால் சுத்தமாக இருந்தது.

வினை உறையூரில் ஆரம்பித்தது. அங்கே ஒரு காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் வரவில்லை. ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், குழந்தை அழுகிறது, போன் மேல் போன் போடுகிறார்கள். தாய்மாமன் சொல்லிவிட்டாராம்: "என் போர்வெல் மோட்டார் ஏன் கத்துதுன்னு கேட்டேன். ஊரே வந்துச்சு. மச்சான் மட்டும் வரலை. அப்ப நான் எதுக்கு வரணும்?" மச்சான், அதாவது குழந்தையின் அப்பா, வந்துதான் இருந்தார். "பார்த்தேன் மாப்ளே" என்று எழுதியிருந்தார். நான் நீக்கியிருந்தேன். கடைசியில் குழந்தையைப் போட்டோகிராபர் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள்.

இந்தக் கதையை எனக்குச் சொன்ன காய்கறிக்காரர், தராசைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தாங்கள் இன்னார் கேள்விக்குப் போயிருந்தது உண்மைதான் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். முதலில் வந்தவள் ரிஃபானா. அவளும் என்னிடம் படித்தவள்தான், மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். அவள் மாமியார் நசீரா, வாஷிங் மெஷினில் மணல் அரைக்கிற மாதிரி ஏன் சத்தம் வருகிறது என்று கேட்டிருந்தார்.

"எங்க மாமி பேச மாட்டேங்குறாங்க டீச்சர். ஊர்ல இருக்கறவங்க எல்லாம் வந்தாங்க, வீட்டுக்கு வந்த மருமக வரலைன்னு ஒரே அழுகை. நான் வந்தேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"வந்தே சரி. என்ன எழுதினே?"

"பார்த்தேன் மாமின்னு."

"அது பதிலா?"

"பதில் இல்ல டீச்சர். ஆனா வந்தேன்ல?"

"வருகைப் பதிவுக்கு மார்க் கிடையாது ரிஃபானா. உனக்குத் தெரியாததா?"

அவள் நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "போயிட்டு வரேன் டீச்சர்" என்று சொல்லிப் போனாள். அடுத்தடுத்து வந்தவர்களையும் அப்படியே அனுப்பினேன். சைபர் வாங்கிய பேப்பரில் எப்படி நான் கையெழுத்துப் போடுவது?

இந்தச் சமயத்தில் மகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வளவன், லால்குடி. நல்ல பிள்ளை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவான். அவன் அம்மா ராக்கம்மாள்தான் வேறு ரகம். நிச்சயதார்த்தத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு பாசமாகப் பேசினார்.

"எங்க பக்கம் ரெண்டு பஸ்ஸு, நாலு வேனு வரும் சம்பந்தி. உங்க பக்கமும் மண்டபம் நெறஞ்சிருந்தாத்தான் பொண்ணுக்குக் கௌரவம். முப்பது வருசம் டீச்சரா இருந்தவங்க, உங்களுக்கு ஆளுக்கா பஞ்சம்? பொண்ணு வீட்டுப் பக்கம் சேர் காலியா கெடந்தா எங்க ஆளுங்க வாய் சும்மா இருக்காது. அதை வெச்சே ஆயுசுக்கும் மகாவைக் குத்திக் காட்டுவாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சொன்ன தோரணையில், யார் யார் வருவார்கள் என்று நான் அங்கேயே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். மகா பக்கத்தில்தான் இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். தென்னூர், உறையூர், பாலக்கரை, சமயபுரம் வரைக்கும் போனோம். எல்லா வீட்டிலும் உட்கார வைத்தார்கள், மோர் கொடுத்தார்கள், பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கி முழுவதும் படித்தார்கள். யார் வாயிலிருந்தும் "வந்துடறோம்" என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

கீழச் சித்திரை வீதியில் ஸ்ரீரங்கராஜன் வீட்டில் நான் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றி நிறையத் திருமண். "வாங்கோ, எழுந்தருளணும்" என்றுதான் வரவேற்றார்.

"கல்யாணத்துக்கு வருவீங்கதானே சார்?"

"வருவேன்னா அது ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையில சொன்னா தரக்குறைவுன்னு நீங்களே ஸாதிச்சிருக்கேள். கல்யாணம் மங்கள காரியம். அதுக்குப் போய் தரக்குறைவா பதில் சொல்லலாமோ? விஸ்தாரமா எழுதி அனுப்பறேன்."

அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது மீதிப் பத்திரிகைகளைப் பைக்குள் அடுக்கி வைத்தேன்.

சமையலுக்குப் பேசியிருந்த அருள்நாதன் எத்தனை இலை என்று கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். காத்தமுத்து யோசித்து யோசித்து, நேரே 'கேளு திருச்சி'யிலேயே கேட்டுவிட்டார்: "வைகாசியில் எங்கள் மகள் கல்யாணம். சமையலுக்குச் சொல்ல வேண்டும். யார் யார் வருவீர்கள்?"

பதில்கள் வந்தன. என் வாழ்நாளில் அப்படிப்பட்ட விடைகளை நான் திருத்தியதில்லை.

உறையூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "கல்யாணத்துக்கு வருபவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முகூர்த்தத்துக்கு வருபவர், சாப்பாட்டுக்கு வருபவர், இரண்டுக்கும் வராமல் மறுநாள் வீட்டுக்கு வந்து விசாரிப்பவர். இவற்றுள் நான் எவ்வகை என்பது மூன்று காரணிகளைப் பொறுத்தது." மூன்று காரணிகளையும் விளக்கியிருந்தார். முடிவுரை இருந்தது. முடிவு இல்லை. பாலக்கரை இம்தியாஸ், கடந்த ஐந்து வருடத்தில் தான் போன கல்யாணங்கள், போகாத கல்யாணங்கள் என்று இரண்டு பத்தியில் ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ள நன்மை தீமைகளைச் சொல்லியிருந்தார். சமயபுரத்துக்காரர் ஒருவர் மண்டபத்துக்கு வருகிற பஸ்களையெல்லாம் நேரத்தோடு போட்டு, வழியில் எங்கெங்கே நெரிசல் என்று படமும் வரைந்திருந்தார். அதில் ஏறுவாரா மாட்டாரா என்று சொல்லவில்லை. ஸ்ரீரங்கராஜன் முகூர்த்த லக்னத்தில் தொடங்கி, வைகாசி வெயில், தமது முழங்கால், விருந்தோம்பலின் மேன்மை என்று உபதலைப்புகளோடு நாலு பக்கம் எழுதி, "மேற்கண்டவற்றைச் சீர்தூக்கி முடிவு செய்யப்படும்" என்று முடித்திருந்தார்.

ஒரு எழுத்துப்பிழை இல்லை. தலைப்பை விட்டு விலகவில்லை. ஆதாரம் கேட்டால் ஆதாரம் இருந்தது. என் விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். வேறு வழியில்லாமல் எல்லாவற்றுக்கும் 'தரமான பதில்' என்று நானே குறி போட்டேன். பழிவாங்குகிறார்களா, மரியாதை செய்கிறார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மகா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அம்மா, நீ யார் கேள்விக்காவது போயிருக்கியா?" என்றாள்.

"தினமும்தான் போறேன். அத்தனை கேள்வியும் எனக்கு அத்துப்படி."

"நீக்கத்தானே போனே?" அவள் குரல் உடைந்தது. "வளவன் வீட்டு ஆளுங்க ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பாங்க. இந்தப் பக்கம் யாருமே இல்லாம நான் மணையில உட்காரணுமா? இருபத்தேழு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன்மா."

மார்க் குறைந்து போனதற்காகக்கூட மகா அழுதவள் இல்லை. அன்றைக்கு அழுதாள். எனக்கு என் மேல் கோபம் வரவில்லை, ஊர் மேல்தான் வந்தது. ஆனால் அவள் அழுவதைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காத்தமுத்து லீவு போட்டார். காலைப் பலகாரம் முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பழைய கேள்விகளிலிருந்து ஆரம்பித்தேன். முதலாவது, பித்தளைக் குத்துவிளக்கு ஏன் கறுத்துப்போகிறது என்று ஒருவர் கேட்டது. எனக்குத் தெரிந்த விஷயம். கைகள் தானாக ஆக்சிஜனேற்றம் என்று அடிக்க ஆரம்பித்தன.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல வந்தேன்னு சொல்லு," என்றார் அவர்.

"பதில் தெரியுமேங்க."

"தெரிஞ்சா என்ன? எடுத்ததும் பாடம் நடத்தினா எப்படி? பார்த்தேன்னு போடு."

"பார்த்தேன்" என்று போட்டேன். அடுத்த கேள்வி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தவறவிட்ட குடையைப் பற்றியது. "பார்த்தேன். தெரியாது" என்று எழுதினேன். தெரியாது என்ற வார்த்தையை நான் அதுவரை எழுதியதே இல்லை. விரல் கூசியது. பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பிறகு பழகிவிட்டது. அவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். இவங்க வீட்டுப் பெரியவர் தவறிட்டார், ரெண்டு வார்த்தை சேர்த்துக்கோ. இவர் கோபக்காரர், லேட்டா வந்ததுக்கு மன்னிப்புக் கேளு. இந்தம்மா பையன் வெளிநாட்டுல இருக்கான், விசாரி. நசீராவின் வாஷிங் மெஷினுக்கு, "பார்த்தேன். ரிஃபானாவும் அப்போதே வந்திருந்தாள், நான் சாட்சி" என்று எழுதினேன். போர்வெல் மோட்டாருக்கும் போனேன். காது குத்தியாகிவிட்டது, இருந்தாலும் போனேன்.

மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்கிற நேரம் ஹரிபிரசாத் கூப்பிட்டான். "டீச்சர், பதறாதீங்க. உங்க அக்கவுண்ட்டுக்குள்ள யாரோ புகுந்துட்டாங்க. கண்ட இடத்துலயும் பார்த்தேன் பார்த்தேன்னு போட்டுட்டு வராங்க."

"யாரும் புகலை. நான்தான்."

"உடம்பு நல்லா இருக்கில்ல டீச்சர்?" என்றான்.

"நல்லா இருக்கு. இன்னும் பாதி ஊர் பாக்கி இருக்கு. போனை வை."

அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரே நாளில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பப் போட்டால் அக்கவுண்ட் தானாகவே பூட்டிக்கொள்ளும்படி அவனே தளத்தை அமைத்திருந்தான், இடையில் நிறுத்த வழியில்லையாம். நான் எழுதிய அத்தனையும் அழிந்தது. தளம் என்னை ஒரு மாதத்துக்கு உள்ளே வராமல் தடுத்துவிட்டது. என் போனிலும் அந்த அறிவிப்பு வந்தது: "உங்கள் பதில் தரம் குறைவாக இருந்ததால் நீக்கப்பட்டது." நறுக்கென்றுதான் எழுதியிருக்கிறேன், படிக்கத்தான் நன்றாக இல்லை.

டீச்சரையே தளத்திலிருந்து தூக்கிவிட்டார்கள் என்ற செய்தி ஊரில் பரவியது. காத்தமுத்து சாயங்காலங்களில் டீக்கடைத் தகவல்களோடு வந்தார். "பெரிய விவாதமா ஓடுதும்மா. நீக்கின வருகை வந்த கணக்கா, வராத கணக்கான்னு. வந்ததுதான்னு ஒரு கட்சி. ஆதாரம் இல்லையேன்னு ஒரு கட்சி."

"முடிவு?"

"முடிவு எங்க ஆச்சு? பஸ் வந்திருச்சு, எல்லாரும் ஏறிட்டாங்க."

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அருள்நாதன் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். இலை எண்ணிக்கை சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றார். மாப்பிள்ளை வீட்டாரையும், எங்கள் நெருங்கின சொந்தத்தில் வருகிறேன் என்று வாயைத் திறந்து சொன்னவர்களையும் கூட்டினேன். "முந்நூறு," என்றேன்.

"எழுநூறா சொல்லிடேன்," என்றார் காத்தமுத்து.

"யார் வரேன்னு சொன்னா? ஒரு ஆளைக் காட்டுங்க."

"யாரும் சொல்லலை. வருவாங்க."

"ஆதாரம் இல்லாத பதில். முந்நூறு போட்டுக்கங்க அருள்நாதன். சோறு கிடந்து ஊசிப்போனா அது வேற அசிங்கம்." எங்கள் வீட்டில் நான் ஜெயிப்பது சுலபம்.

முகூர்த்தத்தன்று விடிகாலையில் அருள்நாதன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். பால் அத்தனையும் திரிந்துவிட்டது, பாயசம் கிடையாது, அவசரத்துக்குக் கேசரி கிளறியிருக்கிறேன் என்றார். அதைப் பற்றிக் கவலைப்பட எனக்கு நேரமில்லை. ராக்கம்மாள் பக்கம் இரண்டு பஸ்ஸும் நாலு வேனும் வந்து இறங்கி, வலது பக்கம் முழுவதும் பட்டுப்புடவையும் வேட்டியுமாக நிறைந்துவிட்டது. இடது பக்கம் முன்வரிசையில் எங்கள் சொந்தம் கொஞ்சம் பேர். அதற்குப் பின்னால் வாசல் வரைக்கும் வெறும் பிளாஸ்டிக் நாற்காலிகள். மகா மணைக்கு வந்து உட்கார்ந்து, ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அங்கேயே உயிர் போய்விடக் கூடாதா என்று இருந்தது.

நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்து வாயில் வைத்தபோது வாசலில் செருப்புகள் கழலுகிற சத்தம் கேட்டது. உறையூர் மச்சானும் தாய்மாமனும் ஒரே பைக்கில் வந்திறங்கினார்கள், நடுவில் காது குத்தின குழந்தை. இம்தியாஸ் வந்தார். சமயபுரத்துக்காரர்கள் மொத்தமாக ஒரு பஸ் ஆள் வந்தார்கள். ரிஃபானா நசீராவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஸ்ரீரங்கராஜன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார். மிக்சி பிளேடு கேட்ட பெண்மணி, குடையைத் தொலைத்தவர், எனக்குப் பெயர் தெரியாதவர்கள், முகம் தெரியாதவர்கள். இடது பக்கம் நிறைந்து, வலது பக்கத்து ஓரமும் நிறைந்து, சுவரோரமாக நின்றார்கள். தாலி கட்டும்போது மகா நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்துக்காக நான் இந்த ஊரில் யார் காலில் வேண்டுமானாலும் விழுவேன். ராக்கம்மாள் என் பக்கம் சாய்ந்து, "சம்பந்தி, நீங்க பெரிய ஆளுதான்," என்றார்.

அந்தச் சந்தோஷம் முதல் பந்தி வரைக்கும்தான் இருந்தது. முறைப்படி மாப்பிள்ளை வீட்டாரை முதலில் உட்கார வைத்தோம். லால்குடிக்காரர்கள் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டார்கள். எழுந்தபோது அருள்நாதன் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, சட்டிகளைச் சாய்த்துக் காட்டினார். சாம்பார் அடியில் தெரிந்தது. சோறு இருபது இலைக்கு வரும் என்றார். வெளியே நானூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காத்தமுத்து ஹோட்டலுக்கு ஓடினார், அவர் தம்பி இன்னொரு ஹோட்டலுக்கு ஓடினார். யார் எட்டிப் பார்த்தார்களோ, யார் யாருக்குச் சொன்னார்களோ தெரியாது. இரண்டாம் பந்திக்கு இலை போட்டும் ஒருத்தர்கூட உட்கார வரவில்லை. எல்லாரும் எழுந்து, புடவையையும் வேட்டியையும் சரிசெய்துகொண்டு, விடைபெற வரிசையாக என்னிடம் வர ஆரம்பித்தார்கள். ராக்கம்மாள் என் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்துக்குக் கூப்பிட்டவள் கேட்டுத்தானே ஆக வேண்டும். "சாப்பிட்டியா ரிஃபானா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆச்சு டீச்சர். வயிறு நெறஞ்சிருச்சு," என்றாள். நசீரா தலையை ஆட்டினார்.

"சாப்பிட்டீங்களா?"

"திருப்தியா சாப்பிட்டோம்மா."

"நீங்க?"

"பாயசம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க டீச்சர்," என்றார் உறையூர்த் தாய்மாமன். கல்யாணம் என்றால் பாயசம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்திருப்பார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாயசம் பிரமாதம் என்றார் மச்சான். இந்த மாதிரிப் பாயசம் சாப்பிட்டு எத்தனை காலமாச்சு என்றார் இம்தியாஸ். முந்திரி தாராளம் என்றார் சமயபுரத்துக்காரர். ஒரு ஹாலில் அத்தனை பேரும் ஒரே தப்பான விடையை எழுதினால் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என் சர்வீஸில் நான் ஒரு ஹாலை முழுசாக ரத்துச் செய்ததுண்டு. அன்றைக்கு வாசல்படியில் நின்று அத்தனை பேருக்கும் தாம்பூலப் பை கொடுத்தேன்.

கடைசியாக ஸ்ரீரங்கராஜன் வந்தார். வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று ஊருக்கே தெரியும்.

"சாப்பிட்டீங்களா சார்?" என்றேன்.

"பேஷா ஆச்சு. பாயசம் ரெண்டு தடவை கேட்டு வாங்கிண்டேன்." கொஞ்சம் யோசித்தார். "ஏலக்காய்தான் சித்த தூக்கல்."

"சமையல்காரர்கிட்ட சொல்லிடறேன் சார்," என்றேன்.